ஏஜென்சி மூலம் வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஹோம் கேர் ஏஜென்சியிலிருந்து போன் வருவது பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு டூட்டி. லேசான பேஷண்ட்தான் கண்ணு, பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்." ஏற்கெனவே இருந்த ஆள் ஊர் நோம்பிக்குப் போயிருப்பார், அல்லது சொல்லாமல் நின்றிருப்பார். பத்து நாளைக்கோ ஒரு மாதத்துக்கோ அந்த இடத்தை நிரப்பப் போகிறவர் நீங்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். பெரியவர் பீளமேட்டில் ஒரு அபார்ட்மென்டிலோ, காங்கேயத்துக்கு அப்பால் தோட்டத்துச் சாளை வீட்டிலோ படுக்கையில் இருப்பார்.

நிரந்தரமாக இருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தலைக்குள்ளேயே போய்விட்டிருக்கும். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், எது தொண்டையில் சிக்கும் என்று எதுவும் தாளில் இருக்காது. தற்காலிக டூட்டியில் நடக்கும் தவறுகளைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலானவை இரண்டே இடத்தில் வந்து நிற்கும்: கேட்காமல் போனது, எழுதாமல் விட்டது.

"லேசான பேஷண்ட்" என்பதை நம்பிக் கிளம்புவது

ஏஜென்சிக்காரர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. வீட்டார் அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் 80 கிலோ எடையுள்ளவரை ஒற்றை ஆளாகப் புரட்டப் போகிறவர் நீங்கள்தான். ஒத்துக்கொள்ளும் முன் போனிலேயே கேளுங்கள்: நோயாளி ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, எழுந்து நடப்பாரா, மூக்கில் ட்யூப் இருக்கிறதா, யூரின் பேக் இருக்கிறதா, தொண்டையில் துளை போட்டுச் சளி உறிஞ்ச வேண்டியிருக்கிறதா, படுக்கைப் புண் இருக்கிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார், அடிக்கிற பழக்கம் உண்டா. சளி உறிஞ்சுவது, ஊசி போடுவது, ட்யூப் மாற்றுவது எல்லாம் நர்ஸ் படித்தவர் செய்ய வேண்டிய வேலை. அட்டெண்டர் பயிற்சி மட்டும் பெற்றவர் "பார்த்துக்கலாம்" என்று ஒத்துக்கொண்டால் அதில் உயிரே போகலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் போகும் டூட்டி போகட்டும்.

அடுத்தது இடத்தைப் பற்றி. 24 மணி நேர டூட்டி என்றால் தூங்குவதற்குத் தனி இடம், தாழ்ப்பாள் உள்ள குளியலறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, தொடர்ந்து சில மணி நேரமாவது தூக்கம் ஆகியவை உண்டா? இரவு முழுக்க இரண்டு மணிக்கொரு முறை விழிக்க வேண்டிய நோயாளிக்கு ஒரே ஆளை வைத்து 24 மணி நேரம் ஓட்டுவது நடக்காத காரியம். மூன்றாம் நாள் மாத்திரை மாறிப்போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும் என்று ஏஜென்சியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

தோட்டத்து வீடாக இருந்தால் பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம், கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, நாய் கட்டியிருக்கிறதா அவிழ்த்துவிட்டிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இருட்டிய பின் முதல் முறையாகப் போகாதீர்கள். போகும் வீட்டின் முகவரியும் வீட்டாரின் எண்ணும் உங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் கட்டாயம் இருக்க வேண்டும்.

கூலியை வாய்வார்த்தையாக விடுவது

வழக்கமாக வீட்டார் ஏஜென்சிக்குக் கட்டுவார்கள், ஏஜென்சி கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தரும். மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. தகராறு வருவது வேறு இடங்களில். பத்து நாளில் டூட்டி முடிந்தால் மாதச் சம்பளத்தை 30-ஆல் வகுத்துத் தருவார்களா, 26-ஆல் வகுத்தா? பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அந்த நாட்கள் கணக்கில் வருமா, அங்கேயும் நீங்கள் கூட இருக்க வேண்டுமா, அங்கே சாப்பாடு யார் செலவு? பதினோராம் நாள் அவர் இறந்துபோனால் உங்களுக்கு எத்தனை நாள் கூலி? இதையெல்லாம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தப் பதில்களை ஏஜென்சியிடமிருந்து வாட்ஸ்அப் செய்தியாக வாங்குங்கள். நேரில் சொன்னால், "நீங்க சொன்னது இதுதானுங்களே" என்று நீங்களே தட்டச்சு செய்து அனுப்பி, "ஆமா" என்று ஒரு பதில் வாங்கினாலும் போதும்.

அசல் சான்றிதழ், அசல் ஆதார் இரண்டையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். நகல் கொடுங்கள், அதன் மேல் தேதியையும் "டூட்டி பதிவுக்காக" என்றும் எழுதிக் கொடுங்கள். அசலைப் பிடித்துவைக்கும் இடத்தில், நீங்கள் பாதியில் விலக நினைக்கும்போது அதுதான் கயிறாகும். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். ரொக்கமாகத் தந்தால் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் வீட்டாருக்கு உங்களைப் பிடித்துப்போகும். "ஏஜென்சி எதுக்குங்க, நேரா எங்ககிட்டயே இருந்துக்குங்க, கமிஷன் காசையும் சேர்த்துத் தர்றோம்" என்பார்கள். அந்தப் பேச்சில் அவசரப்பட்டு விழ வேண்டாம். ஏஜென்சியில் கையெழுத்துப் போட்ட தாளில் அதற்குத் தடையோ அபராதமோ இருக்கிறதா என்று பாருங்கள். நேரடியாகப் போனபின் லீவுக்கு மாற்று ஆள் அனுப்ப யாரும் இல்லை, கூலி பாக்கியானால் நடுவில் நின்று பேசவும் யாரும் இல்லை.

முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்குவது

போனதும் காபி குடித்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, டிவி முன் உட்கார்ந்துவிட்டால் அந்த டூட்டி முழுக்க இருட்டில் நடப்பதுதான். முதல் ஒரு மணி நேரத்தில் வீட்டார் ஒருவர் கூடவே இருக்கும்போது மூன்று காரியங்களை முடியுங்கள்.

முதலில் தோல். பெரியவரை இரு பக்கமும் புரட்டி குதிகால், கணுக்கால், இடுப்பு எலும்பு, வால் எலும்பு, தோள்பட்டை, காது மடல், பின்மண்டை எல்லாவற்றையும் பாருங்கள். சிவந்த இடம் இருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்தும்போது வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காப்பாற்றலாம். வெளுக்கவே இல்லையென்றால் அது முதல் கட்டப் புண். கறுத்த தோலில் நிறம் தெரியாது, சூடாகவோ கடினமாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்ததை நோட்டில் எழுதி வீட்டாரிடம் கையெழுத்து வாங்குங்கள். போட்டோ எடுப்பதானால் அவர்கள் போனில் எடுக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால், நீங்கள் வரும் முன்பே இருந்த புண் நாலாம் நாள் உங்கள் தலையில் விழும்.

இரண்டாவது மருந்து. "காலையில மஞ்ச மாத்திரை, ராத்திரி சின்ன வெள்ளை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். டாக்டர் சீட்டை எடுத்து, அட்டையில் அச்சான பெயரோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிய சீட்டில் ஒரு பெயரும், பழைய டப்பாவில் வேறு கம்பெனிப் பெயரில் அதே மருந்தும் இருக்கும். இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு. பெயருக்குக் கீழே சிறு எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள், அதுதான் உண்மை. அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பகுதியைக் கடைசிவரை விட்டுவையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அது எடுப்பவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது நகையும் பணமும். அம்மாவின் கையில் இரண்டு வளையல், காதில் தோடு, மூக்குத்தி என்று இருப்பதை எழுதி, கழற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். "பரவாயில்லீங்க, இருக்கட்டும்" என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஏடிஎம் கார்டு, பின் நம்பர் இரண்டையும் ஒருபோதும் கையில் வாங்காதீர்கள்.

ஏர் பெட் இருக்கிறது என்று புரட்டாமல் விடுவது

இந்த ஒரு தவறுதான் நல்ல ஆட்களையும் கவிழ்த்துவிடுகிறது. ஏர் பெட், அதாவது மோட்டாரால் காற்று ஏறி இறங்கும் மெத்தை, அழுத்தத்தைக் குறைக்கும், புரட்டும் வேலையை அது செய்யாது. தானாக அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும்: 6 மணிக்கு இடது, 8 மணிக்கு மல்லாக்க, 10 மணிக்கு வலது என்று. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எடை மொத்தமும் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்கால் அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் பெட்டைத் தொடாமல் நிற்கும்.

ஏர் பெட்டின் மேல் என்ன விரிக்கிறோம் என்பதையும் பாருங்கள். குளிருமே என்ற நல்ல எண்ணத்தில் சென்னிமலைப் போர்வையை நாலாய் மடித்து, அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் ஒரு துணி என்று விரித்திருப்பார்கள். காற்று ஏறி இறங்குவது அதைத் தாண்டி உடம்புக்கு எட்டவே எட்டாது. ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். போர்வை மேலே போர்த்துவதற்கு.

மேலே நகர்த்தும்போது அக்குளில் கைகொடுத்து இழுப்பதால் இரண்டு கேடு வருகிறது. தோல் விரிப்பில் ஒட்டிக்கொள்ள, உள்ளிருக்கும் எலும்பும் சதையும் நகர்ந்து அடித்தோல் கிழிகிறது. உங்கள் முதுகும் போய்விடுகிறது. பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வரும்படி அவருக்கு அடியில் போட்டு வையுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, முட்டியை மடக்கி, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து தூக்கி நகர்த்தினால் உரசலே இருக்காது. ஒற்றை ஆளாக இருந்தால் இந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் வீட்டாரைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கத்தை அதிக நேரம் தூக்கி வைத்தாலும் உடம்பு சரிந்து இதே உரசல்தான். சாப்பாட்டு நேரமும் அதன்பின் அரை மணி நேரமும் தவிர 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். எலும்பு முட்டும் சிவந்த இடத்தைத் தேய்த்தால் அடியில் ஏற்கெனவே நசுங்கியிருக்கும் திசு இன்னும் கெடும். வட்டமான ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் அப்படியே, சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அது நெரித்துவிடும்.

பாசத்தில் ஊட்டுவது

ரசம் சோறு லேசானது என்று எல்லோரும் நம்புகிறோம். பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு அது ஆபத்தான சாப்பாடு. ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், பருக்கை வாயிலேயே நிற்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அவரால் முடியாது. அதைவிடக் குழைய வேக வைத்து மசித்த அரிசிம்பருப்பு சாதம் நல்லது, நெய் விட்டு ஒரே பதமாக இருக்க வேண்டும். உதிரும் சந்தவை (இடியாப்பம்), பொரி, பிஸ்கட் தூள் வேண்டாம். நேராக உட்கார வைத்து, முகவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சின்னக் கரண்டியில் பாதி அளவு கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபின் அடுத்தது. இருமினாலோ, குரல் களகளவென்று தண்ணீர் சேர்ந்தாற்போல் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

மூக்கு ட்யூப் வழியாகக் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மூக்கின் அருகே ட்யூபில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் விடாதீர்கள், வெளியே வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள். 50 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, 200 முதல் 250 மி.லி. வரை தானாக இறங்க விடுங்கள், அழுத்தித் தள்ள வேண்டாம். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ராகிக் கஞ்சியானாலும் கம்பங்கூழானாலும் மெல்லிய துணியில் வடிகட்டித்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பெயரின் கடைசியில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்று எழுதியிருக்கும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். மாற்று மருந்து தரும்படி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி, உடுமலை பக்கம் இன்னொன்று நடக்கும். தோப்பிலிருந்து அப்போதுதான் வெட்டிய இளநீர் வரும், வாசனையே ஆளைக் கூப்பிடும். "அப்பாருக்கு ஒரு டம்ளர் குடு கண்ணு, உடம்புக்குக் குளிர்ச்சி." அப்பாரு சிறுநீரக நோயாளியாக இருந்தால் அந்த ஒரு டம்ளர் வேண்டவே வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் அதை வெளியேற்றாதபோது இதயத் துடிப்பே தடுமாறும். அதுபோலவே சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டி ஆகும் என்று சொல்வார்கள். கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இன்சுலின் சிரிஞ்ச்

ஊசி போடுவது உங்கள் வேலை இல்லை என்று சொன்னோம். ஆனாலும் பல வீடுகளில் அம்மாவோ மருமகளோ போடுவார்கள், "எடுத்துக் குடுங்க" என்பார்கள். அப்போது இதைப் பாருங்கள். புட்டியில் மி.லி.க்கு 40 யூனிட் என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் என்றிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். மருந்துக்கடையில் "இன்சுலின் ஊசி ஒன்னு" என்று மட்டும் கேட்டு வாங்கிவந்தால் இப்படித்தான் மாறும். ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது.

வியர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழ் என்றால், நினைவோடு நன்றாக விழுங்குபவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்கும்போதும், விழும்போதும்

பக்கவாதத்தில் ஒரு பக்கக் கை கால் விழுந்தவருக்கு வீல் சேரை அவருடைய நல்ல பக்கத்தில் போட்டு, இரண்டு பிரேக்கையும் பூட்டி, கால் மிதியை மடக்கிவிட்டுத்தான் எழுப்ப வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். சரியத் தொடங்கிவிட்டால் பிடித்து நிறுத்தப் போராடாமல், உங்கள் உடம்போடு சாய்த்து மெல்லத் தரையில் இறக்குங்கள். விழுந்தவரை உடனே தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம்.

யூரின் பேக்கை மடியில் வைத்து வீல் சேர் தள்ளுவது பரவலாக நடக்கிறது. பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். சில மணி நேரமாகச் சிறுநீரே இறங்கவில்லையென்றால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே சொல்லுங்கள்.

எல்லா வேலைக்கும் தலையாட்டுவது

நோயாளியின் துணி, பாத்திரம், அறை உங்கள் பொறுப்பு. வாசல் தெளிப்பதும், வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதும், கட்டுத்தாரையில் சாணி அள்ளுவதும் நீங்கள் பேசி ஒத்துக்கொள்ளாத வேலை. கெளரவத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சாணி அள்ளிய கையோடு ட்யூபைத் தொட நேர்ந்தால் நோய் வருவது படுத்திருப்பவருக்கு. "நான் அந்தப் பக்கம் போனா அப்பாருக்கு ஆள் இல்லீங்களே" என்று மரியாதையாக முதல் நாளே சொல்லி, ஏஜென்சிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வீட்டில் யாராவது தவறாக நடந்தால் பொறுத்துப் போக வேண்டியதில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார் குழுவில் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் நல வாரியம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. பதிவு பற்றி மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

"நல்லா இருக்காங்க" என்று எழுதுவது

பல வீட்டு நோட்டுகளில் பக்கம் பக்கமாக இந்த ஒரு வரிதான் இருக்கும். டாக்டருக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது, அடுத்து வருபவருக்கும் கிடைக்காது. எழுத வேண்டியது இப்படி:

காலை 6.10 – ட்யூபில் ராகிக் கஞ்சி 200 மி.லி., தண்ணீர் முன்னும் பின்னும் 30 மி.லி. இருமல் இல்லை.
7.00 – யூரின் பேக் 450 மி.லி., அடர் மஞ்சள்.
8.00 – மல்லாக்க. வால் எலும்பில் ஒரு ரூபாய் அளவு சிவப்பு, அழுத்தினால் வெளுக்கிறது.
8.20 – பிரஷர் மாத்திரை கொடுக்கவில்லை, தீர்ந்துவிட்டது. மகனுக்குப் போனில் சொன்னேன்.

கடைசி வரியைப் பாருங்கள். கொடுக்காததையும் எழுத வேண்டும், யாரிடம் எப்போது சொன்னோம் என்பதையும் எழுத வேண்டும். செய்த உடனே எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் நேரமெல்லாம் ஊகமாகிவிடும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் எண் குறைவாகக் காட்டினால் பதறும் முன் விரலைப் பாருங்கள். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த கை எல்லாமே அளவைத் தவறாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும் நாள்

அடுத்த ஆள் வாசலில் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். அரை மணி நேரம் அவரோடு பெரியவரின் பக்கத்தில் நின்று, புரட்டிக் காட்டி, தோலைக் காட்டி, மாத்திரை டப்பாவைச் சீட்டோடு வைத்துக் காட்டி, இன்சுலின் புட்டியையும் சிரிஞ்ச் மூடியின் நிறத்தையும் அவர் கண்ணாலேயே பார்க்க வையுங்கள். வந்த அன்று எழுதிய நகைக் கணக்கை வீட்டாரோடு சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டு அந்த வீட்டுக்குச் சொந்தம், அது அங்கேயே இருக்கட்டும். நீங்கள் வேலை செய்த நாட்களுக்கு வீட்டார் கையெழுத்திட்ட பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, பஸ் ஏறும் முன்பே ஏஜென்சிக்கு அனுப்பிவிடுங்கள்.